கிள்ளான் பள்ளத்தாக்கில் ரசமட்டம்

சுவரில் கண்ணாடியோ அலமாரியோ கைகழுவும் தொட்டியோ பொருத்த வருபவருக்கு மேலதிகாரிகள் இருவர். ஒருவர் ரசமட்டம், அதாவது திரவமும் ஒரு காற்றுக் குமிழியும் அடைத்த சிறு கண்ணாடிக் குழாயைத் தாங்கிய சட்டம். மற்றவர் வீட்டுக்காரரின் கண். 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் தெவனோ உருவாக்கிய இக்கருவியின் குமிழிக்குப் புவியீர்ப்பைத் தவிர வேறெதுவும் தெரியாது. கண்ணுக்கோ புவியீர்ப்பு தெரியாது. கூரைக்கோடு, நிலைச்சட்டம், டைல்ஸ் வரி என்று அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க மட்டுமே தெரியும். சுவர்கள் நேராக நிற்கும் ஊரில் இருவரும் ஒரே தீர்ப்பைச் சொல்வார்கள். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வரை நீளும் நகர்ப்பகுதி அப்படிப்பட்ட ஊர் அன்று.

குற்றத்தில் ஒரு பங்கு மண்ணுக்கு உரியது. கிள்ளானைச் சுற்றிய தாழ்நிலத்தில், கடல் விட்டுச்சென்ற மென்களிமண் சில இடங்களில் 20 மீட்டருக்கும் மேல் ஆழமாகப் படிந்திருக்கிறது. ஆகவே தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதியில் மேம்பாட்டாளர் கட்டித்தரும் வரிசை வீடு ஆழமாக அடித்த கான்கிரீட் தூண்களின்மேல் நிற்க, பிள்ளைகள் பெருகியபின் அதன் முதுகில் ஒட்டிக் கட்டிய அடுப்பங்கரையோ, பக்காவ் என்னும் சதுப்புநில மரக் கழிகளின்மேலோ வெறும் மண்ணின்மேலோ உட்கார்ந்திருக்கிறது. வீடு அசையாதிருக்க அடுப்பங்கரை மட்டும் அமிழ்வதைப் பொறியியலார் சீரற்ற அமிழ்வு என்பர். இரண்டும் சேருமிடத்தில் மயிரிழையாகத் தோன்றும் விரிசல், ஐந்தாறு தீபாவளிகளுக்குள் பல்லி குடும்பத்தோடு குடியேறும் அளவுக்கு வசதியாகிவிடுகிறது.

இத்தகைய அடுப்பங்கரையில் தொங்கு அலமாரி மாட்டுபவர் குமிழியை நடுவில் நிறுத்திவிட்டால், உண்மையில் அலமாரி மட்டமாகவும் வீடு கோணலாகவும் இருக்கும். பார்ப்பவருக்கோ வீடு மட்டமாகவும் அலமாரி கோணலாகவும் தெரியும். டைல்ஸ் வரி ஒரு முனையில் அலமாரியின் அடியை உரசி, மறுமுனையில் விரற்கடை அளவு விலகி ஓடும். “தம்பி, சாஞ்சிருக்கே” என்று வீட்டம்மாள் சொல்ல, “லெவல் வச்சுத்தான்க்கா அடிச்சேன்” என்று அவர் குமிழியைச் சாட்சிக்கு அழைப்பார். அழைத்துப் பயனில்லை, கூலி கொடுப்பது குமிழி அன்று. எனவே கைதேர்ந்த தச்சர் கோணலைப் பங்கிடுகிறார். வரி இரண்டு சென்டிமீட்டர் சரிந்தால், அலமாரியை அரை சென்டிமீட்டர் சரித்து, கூரையை ஒட்டிய இடைவெளியை மறைக்கும் பட்டையில் இன்னோர் அரையைத் தின்று, மிச்சத்தை அடுத்த பெட்டியின் தலையில் கட்டுகிறார். பாகப்பிரிவினையைப் போல யாருக்கும் முழு நியாயம் கிடைப்பதில்லை. யாரும் கோர்ட்டுக்கும் போவதில்லை.

இதை எளியோர் வீட்டுத் தந்திரம் என்று இகழ்வதற்கில்லை. 452 மீட்டர் உயரமுள்ள பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்துக்காகத் தேர்ந்த நிலத்தின் அடியில் சுண்ணாம்புப் பாறை ஒழுங்கற்றுக் கிடந்ததால், கட்டடத்தின் இடத்தையே ஏறத்தாழ 60 மீட்டர் தள்ளி வைத்தார்கள். அதன்பிறகும் இரண்டாம் கோபுரம் 72ஆம் மாடியை எட்டியபோது 25 மில்லிமீட்டர் சாய்ந்திருக்கக் கண்டு, அடுத்த 16 மாடிகளை எதிர்ப்புறமாக 20 மில்லிமீட்டர் சாய்த்துக் கட்டினார்கள் என்று சொல்லப்படுகிறது. மீதி 5 மில்லிமீட்டர் எங்கே என்று கேட்க அங்கே வீட்டம்மாள் இல்லை. பேராக் மாநிலத்தின் தெலுக் இந்தானில் 1885இல் எழுந்த கோபுரமோ, உச்சியில் சுமந்த தண்ணீர்த் தொட்டியின் பாரத்தாலும் அடிமண்ணின் மென்மையாலும் சாய்ந்து, சாய்ந்ததற்காகவே சுற்றுலாப் பயணிகளை ஈர்க்கிறது. அடுப்பங்கரைகளுக்கு அந்த யோகம் வாய்ப்பதில்லை.

ஆயினும் எல்லாப் பழியையும் மண்மேல் போடுவது மண்ணுக்குச் செய்யும் அநீதி. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரைச் சூறையாடியபின், மரத்துக்கும் அத்தாப்பு எனப்படும் ஓலைக்கூரைக்கும் பதிலாகச் செங்கல்லால் கட்டச் சூளைகள் பெருகிய இடம் பிரிக்பீல்ட்ஸ். அக்காலச் செங்கற்கள் கோணலாக அமைந்திருந்தால் சூளைமேல் பழிபோடலாம். அச்சில் வார்த்த இன்றைய கல்லைக் கோணலாக அடுக்குவதற்குத் தனி முயற்சி தேவை. கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தின் தர மதிப்பீட்டு முறையான குவாலசிக், சுவர்ப்பரப்பு 1.2 மீட்டருக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் மேடுபள்ளமாக இருக்கலாகாது என்கிறது. சாவி கைக்கு வந்த நாளிலிருந்து 24 மாதங்களுக்குள் தென்படும் குறைகளை மேம்பாட்டாளர் தம் செலவில் திருத்த வேண்டும் என்கிறது வீட்டு ஒப்பந்தம். இந்த விதிகளுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியை நிரப்புவதற்காகவே சிலிக்கோன் என்னும் பசை குழாயில் அடைத்து விற்கப்படுகிறது. அது பிளந்து வாய் திறப்பது பெரும்பாலும் 25ஆம் மாதத்தில் என்பது தற்செயலாகவும் இருக்கலாம்.

பொருத்துபவரின் கடைசிப் பரீட்சை சாமி அறையில் நடக்கிறது. சாய்ந்த நிலைச்சட்டத்துக்கு இசைவாகப் படங்களையும் சாய்த்து மாட்டினால் கண்ணுக்கு எல்லாம் நேர்தான். ஆனால் வெள்ளிக்கிழமை, பிரிக்பீல்ட்ஸ் பூக்கடையில் வாங்கிய மல்லிகைச் சரத்தை முருகன் படத்தின்மேல் தொங்கவிட்டதும், அது தூக்குக்குண்டாக, அதாவது சுவரின் செங்குத்தைப் பார்க்கக் கொத்தனார் நூலில் கட்டித் தொங்கவிடும் எடையாக, மாறி, ஆணிகளின் சதியை அம்பலப்படுத்திவிடுகிறது. படத்தை நிமிர்த்தினால் நிலை சாய்ந்தது தெரியும். நிலையை நிமிர்த்த வீட்டை இடிக்க வேண்டும். ஆகவே சரத்தின் கீழ்முனைகளைச் செலோடேப்பால் படச்சட்டத்தோடு ஒட்டி, பூவையும் வீட்டோடு சேர்த்துச் சாய்த்துவிடுகிறார்கள்.