கர்ரியும் கறியும்

கேள்வி: ஃபங்ஷனல் புரோகிராமிங்கில் 'கர்ரியிங்' என்கிறார்களே, நம்மூர் கறிக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: மணம் உண்டு, மசாலா கிடையாது! அது ஹாஸ்கெல் கர்ரி என்ற அமெரிக்கத் தர்க்கவியலாளரின் பெயர். 1990-இல் வந்த ஹாஸ்கெல் மொழிக்கும் அவர் பெயர்தான். (மோசஸ் ஷோன்ஃபிங்கல் 1924-லேயே கர்ரியிங் யோசனையை எழுதிவிட்டார். அவர் பெயரை வைத்திருந்தால் நாக்கு சுளுக்கியிருக்கும்.)

கூட்டலுக்கு இரண்டு எண் வேண்டும். ஹாஸ்கெல்லிடம் (5+) என்று ஒன்றை மட்டும் நீட்டிப் பாருங்கள். "இன்னொன்று எங்கே?" என்று சண்டைக்கு வராது. 'ஐந்தைக் கூட்டும்' புது ஃபங்ஷன் ஒன்றைக் கையில் கொடுக்கும். மீதி எண்ணைப் பிறகு சாவகாசமாகத் தரலாம். கர்ரியிங் தரும் வசதி இதுதான்.

எனக்கு மிகவும் பிடித்த ஒரு வரி:

டேக் 3 (மேப் (5+) [1..])

[1..] என்பது முடிவே இல்லாத பட்டியல்; மேப் அதன் ஒவ்வொரு எண்ணிலும் ஐந்தைக் கூட்டும், டேக் முதல் மூன்றை மட்டும் எடுக்கும். கம்ப்யூட்டர் திணறுமே என்று பயப்படாதீர்கள். மாவு அண்டா நிறைய இருந்தாலும் கேட்ட மூன்று தோசையை மட்டும் வார்ப்பதுபோல, [6,7,8] என்று தந்துவிட்டு அடுப்பை அணைத்துவிடும். இதைச் சோம்பல் கணிப்பு என்கிறார்கள். இவ்வளவு சமர்த்தான சோம்பலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இன்றிரவே அந்த வரியை ஆங்கில எழுத்துகளில் ஒருமுறை தட்டிப் பாருங்கள்.