மொட்டை மாடிக் கப்பல்

எனக்கு நீச்சல் தெரியாது. கரமனை ஆற்றுப் படித்துறையில் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. ஆனால் பாய்மரப் படகில் ராத்திரி எந்தப் பக்கம் என்ன நிறத்தில் விளக்கு எரியவேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கேட்கத்தான் ஆளில்லை.

பைத்தியம் தாரிணியால் பிடித்தது. நம் கடற்படையின் 56 அடிப் பாய்மரப் படகு. அதில் கோழிக்கோட்டு தில்னாவும் புதுச்சேரி ரூபாவும் 2024 அக்டோபர் 2-ல் கோவாவிலிருந்து கிளம்பி, உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு 2025 மே 29-ல் திரும்பினார்கள். இரண்டே பேர். நான் கூப்பிடு தூரத்துச் சாலைக் கம்போளத்துக்கே ஆட்டோவில் போகிறவன்.

1972-ஆம் ஆண்டு சர்வதேச விதிப்படி படகின் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை. 20 மீட்டருக்குக் குறைந்த பாய்மரப் படகானால் மூன்றையும் ஒரே கூண்டில் அடைத்துப் பாய்மரத்தின் உச்சியில் மாட்டிக்கொள்ளலாம். அந்த வெளிச்சத்தில் நமக்கு ஒன்றும் தெரியாது. எதிரே வருகிற கப்பல்காரன் நாம் எந்தப் பக்கம் போகிறோம் என்று பார்த்து ஒதுங்கத்தான் அது.

பழைய குண்டு பல்பு 25 வாட். பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் 300 வாட்-மணி. 20 வாட் சோலார் பேனலை நல்ல வெயிலில் நாளெல்லாம் கறந்தாலும் 80, 90 தேறும். எல்.இ.டி. வந்ததும் அதே விளக்குக்கு இரண்டரை வாட் போதும் என்றாகிவிட்டது. ராத்திரிக்கு 30 செலவு, பாக்கி பாட்டரியில். எங்கள் வீட்டு வரவுசெலவில் பாக்கி என்று ஒன்றை நான் கண்டதே இல்லை. கணக்கு மனசை மயக்கிவிட்டது.

படகு இல்லாதது ஒரு குறையாகவே தோன்றவில்லை. மாடியில் துணி உலர்த்தும் கொடிக்கு நட்ட இரும்புக் கம்பம் பாய்மரமாயிற்று. உச்சியில் மூவர்ண விளக்கு, மூக்கு மேற்கே அரபிக்கடலைப் பார்க்க. கூடவே சோலார் பேனலும் பாட்டரியும். அன்று ராத்திரியே தெற்கு வீட்டுச் சேட்டன் சிவப்பைப் பார்த்துவிட்டு, கட்சியில் சேர்ந்தாச்சா என்று விசாரித்தார். வடக்கு வீட்டார் பச்சையைப் பார்த்து, மருந்துக்கடை எப்போது திறப்பு என்றார்கள். வெள்ளை தெரிந்த கிழக்கு வீட்டில் மட்டும் நிம்மதி.

பாட்டரிதான் நிறையவில்லை. நட்ட நடுப் பகலில் மாடி ஏறிப் பார்த்தால் பேனலின் ஒரு மூலையில் ஆத்துக்காரியின் ஒன்பது கெஜத்து நிழல். பேனலுக்குள் சில்லுகளைச் சரம் சரமாகக் கோத்திருக்கிறார்கள். ஒன்றின்மேல் நிழல் விழுந்தால் அந்தச் சரமே சோர்ந்துபோகும். கடலிலும் இதே பாடுதான். பாயின் நிழலுக்குப் பயந்து, படகின் பின்புறம் ஒரு வளைவு கட்டி அதன்மேல் பேனலை ஏற்றுகிறவர்கள் உண்டு. இதையெல்லாம் விளக்கி, புடவையைக் கொஞ்சம் தள்ளிப் போடலாமே என்றேன்.

"எங்கே தள்றது? உங்க கப்பல்லேயா?"

விதிகளை அச்செடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரைக்கும் நிதானமாகப் படித்தாள்.

"ஏன்னா, ஏழு மீட்டருக்குக் குறைஞ்ச படகுல இதெல்லாம் வைக்கத் தோதுப்படலேன்னா, கையில ஒரு டார்ச் போறும்னு போட்டிருக்கே. நீங்க அஞ்சரை அடிதானே?"