கருவாட்டு வாசம் மாடியேறும் முறைமை: ஏற்பியியல் நோக்கில் ஓர் ஆய்வு

அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் நெத்திலிக் கருவாடு வறுபடுங்கால் மூன்றாம் தளத்துச் சன்னல்கள் படீரெனச் சாத்தப்படுவது ஏன் என்னும் வினா, குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் பலகாலும் எழுப்பப்பட்டும் தக்க விடை பெறாமலே நிற்கிறது. இதனை விவாதித்தோர் இரு சாரார் ஆவர். ஊரையே நாறடித்துவிட்டார்கள் என்பது மேல்தளத்தார் கொள்கை. அப்படியொன்றும் வாசம் வரவில்லையே என்பது கீழ்த்தளத்தார் கொள்கை. ஒன்றையொன்று மறுக்கும் இவ்விரு கூற்றுகளையும் மூக்கின் உள்ளமைப்பைக் கொண்டு சீர்தூக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் வாசத்துக்குக் காரணமான பொருளை வரையறுத்தல் வேண்டும். கடல்மீனின் தசையில் டிரைமெத்திலமீன் ஆக்சைடு என்னும் மணமற்ற சேர்மம் உண்டு. மீன் இறந்தபின் பாக்டீரியாக்கள் அதிலுள்ள ஆக்சிஜனைப் பிரித்துவிட, எஞ்சுவது டிரைமெத்திலமீன் என்னும் சிறிய மூலக்கூறு. தூய நிலையில் ஏறத்தாழ 3 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து வாயுவாகும் இயல்பினது இது ஆதலின், மார்கழிக் குளிரிலும் மாடிப்படி ஏற இதற்குத் தடையேதுமில்லை. வாணலியின் சூடு இதன் புறப்பாட்டை விரைவுபடுத்துவதோடு, வறுபடும் புரதத்திலிருந்து பிறக்கும் வேறு பல மணப்பொருள்களையும் துணைக்கு அனுப்பிவைக்கிறது.

மூச்சோடு உள்ளே புகும் இம்மூலக்கூறு, மூக்குக்குழியின் உச்சியிலுள்ள சளிப்படலத்தில் கரைந்து, அங்கே நீட்டிக்கொண்டிருக்கும் நரம்பணுக்களின் நுண்ணிழைகளை அடைகிறது. அவ்விழைகளில் பதிந்திருப்பவை ஏற்பிகள். அதாவது, நரம்பணுவின் சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்கும் புரதங்கள். இவற்றுக்குரிய பெரும் மரபணுக் குடும்பத்தை லிண்டா பக், ரிச்சர்டு ஆக்செல் ஆகிய இருவரும் 1991ஆம் ஆண்டு கண்டறிந்து வெளியிட்டு, 2004இல் நோபல் பரிசு பெற்றனர். மனிதரிடம் செயல்படும் ஏற்பி வகைகள் ஏறத்தாழ 400. ஒரு நரம்பணு பொதுவாக ஒரே வகை ஏற்பியைத் தாங்கும். ஒரு மூலக்கூறு பல ஏற்பிகளைத் தூண்டலாம், ஓர் ஏற்பி பல மூலக்கூறுகளுக்கு இசையலாம் ஆதலின், எந்தெந்த ஏற்பிகள் சேர்ந்து விழித்தன என்பதைக் கொண்டே மூளை மணத்தை இனங்காண்கிறது. டிரைமெத்திலமீன் போன்ற அமீன்களுக்கென்று தனியே ஒரு சிறு ஏற்பிக் குடும்பம் சுண்டெலியின் மூக்கில் இயங்குவதை 2006இல் லைபர்லஸ் என்னும் ஆய்வாளரும் பக்கும் காட்டினர். அக்குடும்பத்தைச் சேர்ந்த ‘டார் 5’ என்னும் ஏற்பியே கருவாட்டு வாசத்திலுள்ள டிரைமெத்திலமீனைக் கண்டுகொள்ளும் பொறுப்பில் உள்ளது.

மூலக்கூறு பொருந்தியதும் ஏற்பியின் வடிவம் சற்றே நெளிகிறது. அந்நெளிவால் உள்ளிருக்கும் ஜி-புரதம் விழிக்க, அது ஒரு நொதியைத் தூண்ட, அந்நொதி சுழல் ஏஎம்பி என்னும் தூதுப்பொருளை உண்டாக்க, அது அயனி வழிகளைத் திறக்க, சோடியமும் கால்சியமும் உள்ளே பாய்கின்றன. கால்சியத்தின் தூண்டுதலால் குளோரைடு வெளியேற, மின்குறிப்பு பிறந்து முகர்குமிழ் வழியே மூளைக்குச் செல்கிறது. அரசு அலுவலகத்தில் மேசைக்கு மேசை கோப்பு நகர்வதை இது ஒக்கும். ஒரே வேறுபாடு, இங்கே கோப்பு ஒரு நொடிக்குள் போய்ச் சேர்ந்துவிடும்.

அற்றேல், வாணலியின் அருகிலேயே நின்ற கீழ்த்தளத்தாருக்கு வாசம் தெரியாது போனது எங்ஙனம் எனின், கூறுதும். உள்ளே பாய்ந்த அதே கால்சியம், கால்மோடுலின் என்னும் புரதத்தோடு சேர்ந்து அயனி வழிகளின் கூருணர்வை மழுங்கடிக்கிறது. தொடர்ந்து வரும் ஒரே வாசத்தை மூளையும் பொருட்படுத்தாது விட்டுவிடுகிறது. எனவே, அரைமணி நேரம் கரண்டியும் கையுமாக நின்றவர் ‘வாசமே இல்லை’ என்று சொல்வது பொய்ச்சாட்சியன்று. வெளியே போய்விட்டு அப்போதுதான் படியேறி வந்த மூன்றாம் தளத்தார் மூக்கைப் பொத்துவதும் நடிப்பன்று. ஒன்றையொன்று மறுக்கும் இரு வாக்குமூலங்களும் மெய்யாகும் அரிய வழக்கு இது.

பரிகாரம் யாதெனின், புளி. டிரைமெத்திலமீன் காரத்தன்மை உடையது ஆகலின், புளிக்கரைசலிலுள்ள அமிலம் அதனோடு கூடி, ஆவியாகிப் பறக்கவியலாத உப்பாக மாற்றிவிடும். கருவாட்டுக் குழம்பு வறுவலைவிடச் சமாதானப் பிரியமானது என்பதற்கு வேதியியல் சார்ந்த ஓர் ஏது இதுவே. புளியூற்றினால் அது வறுவலாகுமா என்னும் ஆட்சேபம் வலுவுடையதாகலின், அதனை மறுக்க இக்கட்டுரை முயலவில்லை.

எஞ்சியிருப்பது, இவ்வாசம் இயல்பிலேயே தீயதா என்னும் வினா. சுண்டெலியை ஈர்க்கும் டிரைமெத்திலமீன் பெரிய எலியை விலக்குகிறது. ஐஸ்லாந்தில் நடந்து 2020இல் வெளியான ஆய்வொன்றில், டார் 5 மரபணுவில் சிறு மாறுபாடு உடையோர் மீன் வாசத்தை அவ்வளவு அருவருக்கவில்லை எனத் தெரியவந்தது. எனவே, மூலக்கூறு ஒன்றாயினும் தீர்ப்பு ஒன்றன்று. ஏற்பியின் பணி, இன்ன பொருள் வந்தது என்று தெரிவிப்பதே; அது விருந்தா வேதனையா என்பதைப் பிறவியியல்பும், உண்டு வளர்ந்த சோறும், ஓரளவு அண்டை வீட்டாரோடுள்ள உறவும் கூடி முடிவு செய்கின்றன. கந்தகச் சேர்மங்கள் நிறைந்த பெருங்காயம் அதே படிக்கட்டில் நாள்தோறும் ஏறிச் சென்றும் அதன்மேல் ஒரு புகாரேனும் பதிவாகாதது இதற்குத் தக்க சான்றாகும்.

ஆகவே, சங்கத்தின் புகார்ப் பேரேட்டில் இனி இரண்டு பத்திகள் தேவைப்படும். ‘அமீன் வந்து சேர்ந்தது’ என்பது உண்மை என்னும் பத்தியிலும், ‘நாற்றம் தாங்கவில்லை’ என்பது கருத்து என்னும் பத்தியிலும் எழுதப்பட வேண்டும். மூன்றாம் தளத்துச் சாம்பார் தாளிப்பும் அவ்வப்போது முதற்பத்தியில் ஏறுமாயின், பேரேடு நடுநிலை உடையதாகும்.