மோட்டார் தானே நிற்கும்

மொட்டைமாடித் தொட்டி நிரம்பினால் மோட்டார் தானே நிற்கும் என்று அவர் வீட்டில் அறிவித்து இரண்டு தீபாவளி போய்விட்டது. இதற்கு ஓர் ஏடிமெகா328பி சிப் போதும். அதற்குள் நிரலை ஏற்ற மேஜைமேல் லேப்டாப் இருக்கிறது, ஆர்டுயினோ போர்டு இருக்கிறது, யூஎஸ்பி கேபிளும் இருக்கிறது. தொட மாட்டார். அந்த வழியில்தான் ஊரே போகிறதே!

அவருக்கு ராஸ்பெரி பைதான் வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் நிரல் எழுதிப் பழகட்டும் என்று பிரிட்டனில் உருவாக்கி, 2012-இல் 35 டாலருக்கு விற்க ஆரம்பித்த சின்னஞ்சிறு கம்ப்யூட்டர் அது. பள்ளியை விட்டு முப்பது வருஷமான இவர் கையில் வந்து மாட்டிக்கொண்டது.

சனிக்கிழமை மாலை ரிச்சி தெருவுக்குப் போனால் ஆளைப் பார்க்கலாம். பைக்குப் பல ஆயிரம் கொடுத்தபோது வாயே திறக்காதவர், ஜம்பர் வயருக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்.

பையின் நாற்பது கால்களில் நாலைப் பிடித்து சிப்பின் மோசி, மிசோ, கிளாக், ரீசெட் கால்களில் சேர்க்க வேண்டும். கிரவுண்டுக்கு ஒரு வயர். எந்த வேலைக்கு எந்தக் கால் என்று ஏவிஆர்டியூட் மென்பொருளின் கன்ஃபிக் ஃபைலில் எழுதிவைத்துவிட்டால், போர்டும் வேண்டாம், கேபிளும் வேண்டாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சிப்பின் சிக்னேச்சரைக் கேட்டால் வரிசையாகப் பூஜ்யம் வரும். இணைப்பைப் பாருங்கள் என்று மென்பொருளே கெஞ்சும். இவர் பார்ப்பாரா? மெமரி கார்டை அழித்து, ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை முதலிலிருந்து போடுவார். பிரெட்போர்டில் வயர் ஒரு துளை தள்ளி உட்கார்ந்திருக்கும். அது மூன்றாவது தடவை போட்டு முடித்த பிறகு தெரியவரும்.

இந்தச் சமயத்தில்தான் மச்சினன் வந்து சேர்வான்.

"அத்தான், தொட்டிக்கு ஃப்ளோட் ஸ்விட்ச் கடையிலேயே கிடைக்குதே?"

"உட்காருடா. பையோட கால் எத்தனை வோல்ட் தாங்கும்னு தெரியுமா உனக்கு?"

3.3 தான் தாங்கும். 5 வோல்ட்டில் ஓடும் சிப் திருப்பி அனுப்புவதை அப்படியே வாங்கினால் அந்தக் கால் போச்சு. நடுவில் இரண்டு ரெசிஸ்டர் போட்டு வோல்ட்டேஜைக் குறைக்க வேண்டும். சிப்பில் ஃபியூஸ் பிட்டைத் தப்பாக எழுதி, இல்லாத கிரிஸ்டலை எதிர்பார்க்க வைத்தால் அது வாயை மூடிக்கொள்ளும். இவ்வளவையும் தப்பில்லாமல் சொல்லுவார். விவரம் தெரிந்தவர், அதில் சந்தேகமில்லை. மச்சினனுக்குக் கொண்டுவந்த காபிதான் ஆறிப்போகும்.

ஒருநாள் விடியற்காலை மோட்டார் போட எழுந்த மனைவியைக் கையைப் பிடித்து இழுத்து வருவார். எல்இடி விட்டுவிட்டு எரியும்.

"பாத்தியா! பையிலேருந்தே ஏத்திட்டேன்!"

"நல்லா எரியுதுங்க. மோட்டார் எப்ப நிக்கும்?"

"அதுக்கு ரிலே, சென்சாரெல்லாம் வாங்கணும். அதுக்கு முன்னாடி, இந்தப் பையே இல்லாம செல்போன்லேருந்து ஏத்த முடியுதான்னு பாத்துடறேன்."