பால்கனியில் இருந்தவர்கள்

கல்லூரி நாட்களில் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' படம் பார்த்தபோது என் கண்ணில் நிறைந்தவர் கிரிகரி பெக் ஒருவர்தான். மூக்குக் கண்ணாடி, அவசரப்படாத குரல், ஊரே எதிர்த்தாலும் அசையாத நடை. வெள்ளைக்காரப் பெண்ணைக் கெடுத்ததாகப் பொய்ப்பழி சுமந்த டாம் ராபின்சனுக்காக வாதாடும் அலபாமா வக்கீலாக அவரைப் பார்த்து, நானும் வக்கீலாக வேண்டும் என்று ஏங்கினேன்.

இப்போது பார்க்கும்போது, டாமாக நடித்த பிராக் பீட்டர்ஸை விட்டுப் பார்வை நகர மறுக்கிறது. பெண்ணின் முகத்தில் வலப்பக்கம் காயம், அடித்தவன் இடக்கைக்காரன். டாமின் இடக்கையோ சின்ன வயதிலேயே எந்திரத்தில் சிக்கிச் செயலிழந்தது. வழக்கு அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அரசுத் தரப்பு வக்கீல் விடவில்லை. அவள் வீட்டு வேலையெல்லாம் ஏன் கூலி வாங்காமல் செய்தாய் என்று கிளறுகிறார். அவளைப் பார்த்தால் பாவமாக இருந்தது என்கிறார் டாம். அந்தப் பதிலோடு அவர் கதை முடிகிறது. கறுப்பர் ஒருவர் வெள்ளைக்காரிக்காக இரக்கப்படுவதை அந்த ஜூரியால் எப்படித் தாங்க முடியும்? பீட்டர்ஸின் கண்ணீரை நேருக்கு நேர் பார்த்தால் தானும் உடைந்துவிடுவோம் என்று அவர் கண்களைத் தவிர்த்ததாகப் பெக் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இன்னொன்றையும் இப்போதுதான் கவனிக்கிறேன். வக்கீலின் பிள்ளைகள் இந்த விசாரணையைப் பார்ப்பது கறுப்பர்களுக்கென்று ஒதுக்கிய பால்கனியிலிருந்து. டாம் எப்படிப்பட்டவர் என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அவர்களில் ஒருவரைக்கூடச் சாட்சிக்கு அழைப்பதில்லை. தீர்ப்புக்குப் பிறகு, தோற்ற வக்கீலுக்காக அவர்கள் எழுந்து நிற்கிறார்கள். அன்று அந்த மரியாதை என்னைச் சிலிர்க்க வைத்தது. இன்று, வாய் திறக்க இடமில்லாத அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

1963 ஏப்ரல் 8 அன்று இந்த வேடத்துக்காகப் பெக் ஆஸ்கர் வாங்கினார். அதே வாரம், அதே அலபாமாவின் பர்மிங்ஹாமில், இனப் பிரிவினையை எதிர்த்த மார்ட்டின் லூதர் கிங்கைச் சிறையில் அடைத்தார்கள்.

படத்துக்கு மூலமான நாவலை எழுதிய ஹார்ப்பர் லீயின் சொந்த ஊரும் அலபாமாவில்தான், மன்றோவில் என்ற ஊர். அங்கிருந்த நீதிமன்றத்தை அளவெடுத்துத்தான் ஹாலிவுட்டில் செட் போட்டார்கள். அந்தக் கட்டடம் இப்போது அருங்காட்சியகம். ஆண்டுதோறும் அங்கே இக்கதையை ஊர்க்காரர்களே நாடகமாக நடிக்கிறார்கள். அந்த வட்டாரத்தைச் சேர்ந்த வால்டர் மக்மில்லியன் என்ற கறுப்பினத் தொழிலாளியை, வெள்ளைக்காரப் பெண் ஒருவரைக் கொன்றதாக 1987-இல் கைது செய்தார்கள். கொலை நடந்த நேரத்தில் அவர் தேவாலயத்துக்காக மீன் பொரித்து விற்ற இடத்தில் இருந்தார் என்று கறுப்பினச் சாட்சிகள் பலர் சொன்னார்கள். அவர்கள் சாட்சி எடுபடவில்லை. 1988-இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. பிரையன் ஸ்டீவன்சன் என்ற வக்கீல் விடாமல் போராடி, முக்கியச் சாட்சி பொய் சொன்னதை நிரூபித்த பிறகே, 1993-இல் மக்மில்லியன் விடுதலையானார்.

இந்தப் படம் இன்னும் நம்மைப் பிடித்து வைத்திருப்பதற்கு, நல்ல வக்கீல் ஒருவர் இருந்தார் என்ற ஆறுதல் மட்டும் காரணமில்லை என்று நினைக்கிறேன். அவர் அத்தனை நல்லவராக இருந்தும் டாம் சாகிறார். அந்தச் சாவைக்கூட நாம் பார்ப்பதில்லை, செய்தியாகத்தான் கேட்கிறோம். படத்தைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டும் ஆசிரியர்கள் மக்மில்லியன் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குறிப்பாக, மீன் பொரித்த இடத்திலிருந்து சாட்சி சொல்ல வந்தவர்களைப் பற்றி.