முதலிடம் யாருக்கு?

கே: எக்காலத்துக்கும் சிறந்த திரைப்படம் எதுவென்று எங்கள் லயத்தில் ஓயாத தர்க்கம், தாங்களாவது தீர்ப்புக் கூறலாகாதா?
– வாசகர், ஹட்டன்

ப: இங்கிலாந்தின் ‘சைட் அண்ட் சவுண்ட்’ சஞ்சிகை 1952இல் விமர்சகர்களைக் கேட்டு வகுத்த முதற்பத்தில் இடமே பெறாத ‘சிட்டிசன் கேன்’, 1962இல் சிகரமேறி, ஐம்பதாண்டுக் காலம் அரசோச்சி, 2012இல் ‘வெர்டிகோ’வுக்குச் சிம்மாசனத்தை ஒப்புவித்ததென்றால், உங்கள் லயத்து நண்பர்கள் மட்டும் ஒரே இரவில் ஒருமித்துவிட வேண்டுமா?

ஆயினும் ஒரு விண்ணப்பம்: முதலிடம் எதற்காயினும், தோட்டத் தொழிலாளரின் வாழ்வைக் கதையாகக் கொண்டு, தொழிற்சங்கவாதியான வி. பி. கணேசன் 1975இல் தயாரித்து நடித்த ‘புதிய காற்று’க்கு உங்கள் பட்டியலில் ஓர் ஆசனம் அளியுங்கள், மலையகத்தார் நாமே மறந்த படத்தை உலகம் தேடி வந்து போற்றாது.