லிட்டருக்கு 57 காசு

கேள்வி: பெட்ரோலில் எத்தனால் கலக்க அரசு இத்தனை சலுகை தருகிறதே, அந்தப் பணம் எல்லா மாநிலங்களுக்கும் போய்ச் சேருகிறதா?

பதில்: கரும்பு எங்கே இருக்கிறதோ அங்கேதான் முதலில் போகிறது. 2018-ல் கலப்புக்கான எத்தனால் மீதான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. ஆலை கட்டக் கடன் வாங்கியவர்களுக்கு வட்டி மானியமும் அதே ஆண்டில் வந்தது. உத்தரப்பிரதேசம், மகாராஷ்டிரம், கர்நாடகம் முந்திக்கொண்டன. கரும்பு விவசாயியின் நிலுவை தீருமென்றால் எனக்கு மகிழ்ச்சியே.

என் வயிறு எரிவது வேறு இடத்தில். 2022 மே மாதக் குறைப்புக்குப் பின் லிட்டர் பெட்ரோலில் மத்திய வரி 19 ரூபாய் 90 காசாக இருந்தது. அதில் மாநிலங்களோடு பங்கிட வேண்டிய அடிப்படை உற்பத்தி வரி எவ்வளவு தெரியுமா? 1 ரூபாய் 40 காசு! மற்றதெல்லாம் செஸ், கூடுதல் தீர்வை. அரசியல் சாசனப்படி அவை பங்குக்கு வராது. 15-வது நிதிக் குழு சொன்ன 41 சதவீதம் அந்த ஒன்று நாற்பதுக்குத்தான். கணக்குப் போட்டால் 57 காசு, அதுவும் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. பந்தி பெரிது, இலையில் விழுவது ஊறுகாய்.

வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்கும் பானிப்பட் ஆலை 2022-ல் திறக்கப்பட்டது. நெல் விளையும் ஒவ்வொரு மாநிலமும் அப்படி ஒன்றைக் கட்டலாம். அதற்கு அந்த செஸ் பணத்தில் ஒரு பகுதியைச் சட்டப்படி பங்கிடுங்கள் என்று டெல்லியிடம் உரக்கக் கேட்க வேண்டும்.